எலும்பு கழித்த எடை

நெடுஞ்சாலையிலிருந்து கல்குவாரிக்குப் பிரியும் சாலையின் முனையில் ஓர் எடைமேடை உண்டு. தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தளம், பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஓர் அறை, அறையின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர். பதவியில் ஒன்றும் பெரியவர் இல்லை, சுற்றளவில்தான். பெற்றவர்கள் அவருக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலைத் தாண்டி அது வெளியே நடமாடியதில்லை. லாரிக்காரர்களுக்கு அவர் டன்னண்ணன். மற்ற எல்லாருக்கும் வெறும் டன்.

உடம்பைப் பார்த்து வந்த பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மீதிப் பாதி அவர் கண்ணைப் பார்த்து வந்தது. பாரம் ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போதே பின்சக்கரம் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது, அடியிலுள்ள வில்பட்டை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். "இருபத்தாறு" என்பார். வண்டி தளத்தில் ஏறி நின்றதும் திரையில் இருபத்தாறாயிரத்துச் சொச்சம் எரியும். தேநீர் கிளாஸை வாயிலிருந்து எடுக்காமலே இதைச் செய்வார் என்பது லாரிக்காரர்களுக்கு இன்னும் பிடிக்கும். அந்த எந்திரம் இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். ஆகவே டன்னின் உலகத்தில் இருபது கிலோவுக்குக் கீழே எதற்கும் மரியாதை கிடையாது. கொழுத்த ஆடு ஒன்று தளத்தில் ஏறி நின்றாலும் ஒரு எண் மாறினால் உண்டு.

அந்த ஆட்டைச் சமைத்துத் தட்டில் வைத்தால் கதை வேறு. மனிதருக்குக் கறி என்றால் உயிர். எடைமேடைக்கு எதிரே சாப்பாட்டுக்கடை நடத்தும் அக்காவுக்கும் டன் என்றால் தனிப் பிரியம். மதியம் அவர் உட்காருவதற்குள் தட்டு வந்துவிடும். "டன்னு சாப்பிடுறதப் பாத்தாதான் எனக்குச் சமைச்ச மாதிரியே இருக்கு" என்பார் அக்கா. இப்படிச் சொல்லிவிட்டால் எந்த மனிதன்தான் பாதியில் கை கழுவுவான்?

டன்னுக்கு ஒரே தங்கை. தபால் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் சன்னலில் வேலை. அண்ணன் டன்னில் பிழைத்தார், தங்கை கிராமில் பிழைத்தாள். ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே, "முன்னூறத் தாண்டுது, கூட ஸ்டாம்ப் ஒட்டணும்" என்று சொல்லிவிடுவாள். தராசில் வைத்தால் முன்னூற்றுப் பத்து இருக்கும். நாக்கும் அப்படித்தான், சரியாக எடை போட்டுத்தான் வார்த்தையை வைக்கும். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோதுகூட அந்த நாக்கு மட்டும் இளைக்கவில்லை.

"என் கிட்னிய எடுத்துக்கோ" என்று டன் சொன்னார். நல்ல பேனா ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

பரிசோதனைகள் எல்லாம் நடந்தன. ரத்தம் பொருந்தியது, மற்றதும் பொருந்தியது. டன் குதிக்காத குறை. கடைசியில் மருத்துவர் அவரை எடை பார்க்கும் கருவியில் ஏறச் சொன்னார். நூற்றிரண்டு கிலோ. சர்க்கரை வேறு வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தது.

"கிட்னி நல்லா இருக்கு. ஆனா இந்த எடையில உங்கள அறுக்க முடியாது. உங்களுக்கும் ஆபத்து, ஒத்தக் கிட்னியோட பின்னால சர்க்கரை வந்தா அதுவும் ஆபத்து. தொண்ணூறுக்குள்ள வாங்க, சர்க்கரையும் இறங்கணும். அப்பதான் தேதி" என்றார் மருத்துவர்.

"பன்னெண்டு கிலோதானே" என்றார் டன். இருபதுக்குக் கீழே இருந்ததால் அலட்சியம்.

உணவு ஆலோசகர் என்று ஓர் இளம் பெண் இருந்தார். கறியை அடியோடு நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை. "கறி சாப்பிடலாம். ஒரு வேளைக்கு வெந்த கறி நூறு கிராம். விரல விட்டுட்டு உள்ளங்கை மட்டும், அந்த அகலம், அந்த கனம். மிச்சத் தட்டு காய்கறி" என்றார். டன் தன் உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தார். அந்தப் பெண் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். "இது இல்ல. என் உள்ளங்கை" என்று தன் கையைப் பக்கத்தில் வைத்தார். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வெண்டைக்காய். கூட வந்திருந்த டன்னின் மனைவிக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

திரும்பும் வழியிலேயே மனைவி ஒரு சமையலறைத் தராசு வாங்கினார். கண்ணாடி மூடி போட்ட, புத்தகம் போன்ற சின்னத் தராசு. அன்று மாலை கறி வெந்ததும் முதல் எடை. நூறு கிராம் என்று தட்டில் விழுந்ததைப் பார்த்த டன், தட்டைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"எங்க மிச்சம்?"

"இதுதாங்க நூறு."

"இது பல்லுல சிக்கற அளவு."

"வேகறதுக்கு முன்னாடி பெருசா இருந்துச்சு. வெந்தா சுருங்கும்ல?"

அது மட்டும் டன்னுக்கு உடனே பிடிபட்டது. ஈர மணல் ஏற்றிய லாரி காலையில் ஓர் எடை, வெயிலில் நின்று காய்ந்தால் மாலையில் வேறு எடை. "அப்ப வெந்த பிறகுதான் எடை போடணும். ஈரத்தோட போட்டா ஏமாத்து" என்று தீர்ப்புச் சொன்னார். தொழில் புத்தி இல்லாமல் போகுமா? ஆனால் அந்தப் புத்தி அன்று அதற்குமேல் வேலை செய்யவில்லை.

வீட்டில் மாலைச் சாப்பாடு தராசின் காவலில் நடந்தது. மதியச் சாப்பாடு எதிர்க்கடையில். அங்கே தராசு வேண்டாம் என்று டன் சொல்லிவிட்டார். "முப்பது டன்ன கண்ணால அளக்கறவன், நூறு கிராமுக்குத் தராசத் தூக்கிட்டுப் போகணுமா? நாலு பேரு பாத்தா என்ன நினைப்பான்?" மனைவிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரே நம்புகிற கண்ணை வீட்டுக்காரி நம்பாமல் இருக்க முடியுமா?

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையில் ஏறி நின்றார். நூற்றிரண்டு. ஒரு கிராம்கூட அசையவில்லை. மருத்துவர் ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லி எழுதிக்கொடுத்தார். டன் அந்தக் கருவியின்மேல் சந்தேகப்பட்டார். எடைமேடைக்காரர் எடைக்கருவியைச் சந்தேகப்படுகிறார் என்றால் வேறு வழியே இல்லாமல்தான்.

மறுநாள் மதியம் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தங்கை எடைமேடையில் இறங்கினாள். முகம் வெளுத்து, கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக இருந்தாள். அண்ணன் அறையில் இல்லை. எதிர்க்கடையில் இருந்தார். அவர் எதிரே போய் உட்கார்ந்தாள். தட்டில் கறி. கடைக்கார அக்கா அன்று இருமடங்கு பிரியத்தோடு பரிமாறியிருந்தார். டன் இளைத்துப்போய்விடுவாரோ என்று அவருக்குக் கவலை.

"இது எவ்வளவு அண்ணே?" என்று கேட்டாள் தங்கை.

"நூறு" என்றார் டன். வாயில் பாதி இருந்தது. "வேணும்னா நூத்திப்பத்து."

அவள் ஒரு கரண்டியை எடுத்தாள். தட்டில் மிச்சமிருந்த கறியை ஒரு வெறும் தட்டுக்கு மாற்றி, தட்டோடு கையில் தூக்கிப் பார்த்தாள். பார்சலைத் தூக்குகிற அதே கை.

"நீ தின்னது போக இங்கயே இருநூறு இருக்கு" என்றாள்.

டன் சிரித்தார். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"உன்ன நான் கேட்டேனா, கொடு கொடுன்னு? நீயா வந்து சொன்னே. நானும் நம்பிட்டேன். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "பரவால்ல, விடு. வேற வழி ஏதாவது பாக்கலாம். நீ சாப்பிடு, ஆறுது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனதுதான் தாங்கவில்லை. டன்னுக்கு அவமானத்தில் காது சுட்டது. வாழ்நாளில் முதல்முறையாகக் கறி இருக்கும் தட்டை விட்டு எழுந்து கை கழுவினார். கடைக்கார அக்கா பதறிப்போய், "உப்பு கூடிருச்சா?" என்று கேட்டார்.

அறைக்கு வந்து உட்கார்ந்ததும் கல் ஏற்றிய லாரி ஒன்று தளத்தில் ஏறியது. ஓட்டுநர் சன்னலில் தலையை நீட்டி, "இருபத்திரெண்டுக்கு மேல இருக்காதுண்ணே, கம்மியாத்தான் ஏத்துனேன்" என்றார். திரையில் இருபத்தேழு. டன் வழக்கமாகச் சொல்லும் கிண்டலை வழக்கம்போலச் சொன்னார்.

"சொந்த லாரின்னா பாரம் கண்ணுக்குத் தெரியாதே உங்களுக்கு."

சொல்லி முடித்தவருக்குத் தன் வார்த்தையே காதில் திரும்ப விழுந்தது. எத்தனை வருடமாக இதைச் சொல்கிறார். சொந்த வண்டி ஓட்டுகிறவன் யாரும் தன் பாரத்தைச் சரியாகச் சொன்னதில்லை. பொய் சொல்கிறவர்கள் என்று இல்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரியும். பாரத்தில் ஆசை இருக்கிறவன் கண்ணுக்குப் பாரம் குறைந்துதான் தெரியும். டன்னுக்கு லாரியில் என்ன ஆசை? கல்லா தின்னப் போகிறார்? அதனால்தான் அந்தக் கண் சரியாகச் சொன்னது. கறித் தட்டுக்கு முன்னால் அவரும் ஒரு லாரிக்காரர்தான், பசியோடு உட்கார்ந்திருக்கும் லாரிக்காரர்.

"பசிக்கறப்ப அளந்தா தப்பு" என்று வாய்விட்டே சொன்னார். ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் ரசீதை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை தராசு வைத்த சாப்பாட்டை முடித்து, கை கழுவி, ஏப்பமும் விட்ட பிறகு, மனைவியைப் பாத்திரத்தை மூட வேண்டாம் என்றார்.

"இன்னுமா பசிக்குது?"

"பசி இல்ல. அதான் இப்ப அளக்கணும். நாளை மதியத்துக்கு எடுத்து வைக்கிறேன்."

வயிறு நிறைந்த மனிதர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். என்ன ஆச்சரியம், நேற்றுவரை பொட்டுப் பொட்டாகத் தெரிந்த துண்டுகள் எல்லாம் இப்போது பாறாங்கல்லாகத் தெரிந்தன. மூன்று துண்டை எடுத்தார். "நூறு" என்றார். தராசில் நூற்றுப் பன்னிரண்டு. டன் தராசை ஒரு பார்வை பார்த்தார். இருபதுக்குக் கீழே உள்ள வித்தியாசம் அன்றுமுதல் அவருக்கு வித்தியாசமாகப் பட்டது. ஒரு துண்டின் ஓரத்தை வெட்டிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு டப்பாவை மூடினார்.

மறுநாள் முதல் மதியம் எதிர்க்கடையில் டன் காய்கறி மட்டும் வாங்கினார். கறி வீட்டு டப்பாவிலிருந்து வந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் கைச் சமையல் கசந்து போச்சா?" டன் விஷயத்தைச் சொன்னார். தங்கை, சிறுநீரகம், தொண்ணூறு கிலோ, எல்லாம். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். "இத மொதல்லயே சொல்ல வாயி என்ன வாடகைக்கா விட்டிருந்தே? நான்ல உன்ன கெடுத்து வச்சிருக்கேன்" என்று திட்டிவிட்டு, அன்று காய்கறியை மலைபோல அள்ளி வைத்தார். யாருக்காவது எதையாவது குவித்து வைக்காவிட்டால் அவருக்குக் கை ஓயாது.

அதன் பிறகு அந்தக் கடையில் ஒரு புது ஆட்டம் தொடங்கியது. டன் தினமும் வீட்டுத் தராசைக் கடைக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் சாப்பிட்டு முடித்துத் தேநீர் வரும் நேரத்தில், அக்கா ஒரு தட்டில் இஷ்டத்துக்குக் கறி எடுத்து வைப்பார். ஆளுக்கு ஓர் எடை சொல்ல வேண்டும். பிறகு தராசில் வைப்பது. அதிகம் தப்பாகச் சொன்னவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். முதல் வாரம் முழுக்க டன்தான் தேநீர் வாங்கினார். முப்பது டன்காரர் முப்பது கிராமில் கவிழ்கிறார் என்று லாரிக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். குவாரியிலிருந்து இதைப் பார்க்கவென்றே சிலர் சீக்கிரம் பாரம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

டன் விடவில்லை. கறியின் அகலத்தை மட்டும் பார்க்காதே, கனத்தைப் பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். லாரியில் மேலே குவித்த மணலைவிடச் சக்கரம்தானே பேசும்? உணவு ஆலோசகரின் கையை மனத்தில் கொண்டுவந்து துண்டின்மேல் வைத்துப் பார்ப்பார். கொழுப்பு இருந்தால் இவ்வளவு, ஈரல் என்றால் இவ்வளவு, பொடியாக நறுக்கியது என்றால் கண்ணை ஏமாற்றும். நூற்று நாற்பது என்பார், நூற்றைம்பது இருக்கும். தொண்ணூறு என்பார், எண்பத்தேழு இருக்கும். தேநீர்ச் செலவு மெல்ல மெல்ல லாரிக்காரர்கள் பக்கம் நகர்ந்தது.

ஒருநாள் அக்கா அவரை மடக்க நினைத்து, சரியான எலும்புத் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்தார். லாரிக்காரர்கள் இருநூறு, இருநூற்றைம்பது என்று கூவினார்கள். டன் தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், லாரியைச் சுற்றுவதுபோல.

"மொத்தம் இருநூத்தி இருபது. அதுல வண்டியோட காலி எடை எழுபது. பாரம் நூத்தம்பது."

"காலி எடையா? என்னண்ணே அது?"

"எலும்ப எவன் திம்பான்? அது வண்டி. கறிதான் பாரம். வண்டிய கழிச்சுட்டுத்தானே ரசீது போடறோம்?"

தராசில் வைத்தார்கள். இருநூற்றுப் பதினெட்டு. ஓர் ஓட்டுநர் அதைத் தின்று காட்ட ஆவலோடு முன்வந்தார். சப்பி முடித்த எலும்பைத் துடைத்துத் தராசில் வைத்தார்கள். அறுபத்தொன்பது. கடையே எழுந்து கை தட்டியது. அக்கா தன் தோல்வியை மறைக்க, எல்லாருக்கும் தேநீர் தன் கணக்கில் என்று அறிவித்தார்.

இடையில் ஒரு கண்டம் வந்தது. மனைவியின் அண்ணன் வீட்டுக் கல்யாணம், வெளியூரில். மூன்று நாள் தங்க வேண்டும். அவசரத்தில் தராசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கேயோ வேளைக்கு வேளை கறி. மைத்துனர் பரிமாறும் கரண்டியோடு பின்னாலேயே சுற்றினார்.

"என்ன மாப்ளே, இளைச்சு துரும்பாயிட்டீங்க? வைக்கட்டுமா?"

"இருங்க. கறிய அப்புறம் பாக்கறேன்."

டன் முதலில் காய்கறியை வாங்கினார். ஒரு கிண்ணம் சூப் குடித்தார். மைத்துனரின் வேலை, மைத்துனரின் முட்டிவலி, மைத்துனரின் மகனுடைய படிப்பு என்று விசாரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் ஓட்டினார். முட்டிவலியில் அவருக்கு அப்படி ஒரு அக்கறை வரும் என்று மைத்துனர் எதிர்பார்க்கவில்லை. பசி அடங்கி, வயிறு பாதி நிரம்பியது தெரிந்த பிறகுதான் எழுந்து கறித் தட்டைப் பார்க்கப் போனார். அந்தக் கண்ணால் பார்த்து ஓர் உள்ளங்கை எடுத்துக்கொண்டார். ஆலோசகரின் உள்ளங்கை. மூன்று நாளும் இப்படியே. மனைவி தூரத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கணவரை இவ்வளவு பெருமையாக அவர் பார்த்தது, கல்யாணம் ஆன புதிதில்கூட இல்லை.

மருத்துவமனை நாள் வந்தது. ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். தங்கையும் வந்திருந்தாள். கடைக்குப் போய்விட்டு வந்த நாளுக்குப் பிறகு அவள் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணனின் சட்டை தோளில் தொங்குவதை மட்டும் பார்த்திருந்தாள்.

"எவ்வளவு இருப்பே, சொல்லு பாக்கலாம்" என்றாள்.

"என்ன கேக்காதே. சொந்தப் பாரம், அதுவும் வெறும் வயிறு. நீ சொல்லு."

அவள் பார்சல்காரியின் கண்ணால் அண்ணனை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். "எண்பத்தெட்டு."

டன் செருப்பைக் கழற்றினார். பாக்கெட்டில் இருந்த சாவி, கைப்பேசி எல்லாவற்றையும் மனைவியிடம் கொடுத்தார். காலி எடை விஷயத்தில் அவர் யாருக்கும் சலுகை தருவதில்லை. ஏறி நின்றார். எண் ஓடியது, தயங்கியது, நின்றது. எண்பத்தெட்டு புள்ளி நான்கு. சர்க்கரையும் வாசற்படியைவிட்டுத் தெருவுக்கு இறங்கிப் போயிருந்தது. மருத்துவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அந்த நாட்காட்டி நகர்ந்த சத்தத்தைவிட இனிமையான சத்தத்தை டன் அதற்கு முன் கேட்டதில்லை. தங்கை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுவதை அண்ணன் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்.

அறுவைக்கு முந்தைய நாள் டன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆபத்து என்ன, வலிக்குமா என்றெல்லாம் இல்லை.

"ஒரு கிட்னி எவ்வளவு எடை இருக்கும்?"

"சுமார் நூத்தம்பது கிராம்" என்றார் மருத்துவர்.

டன் தன் பூசணிக்கையை விரித்துக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. கொடுத்த சிறுநீரகம் அறுவை மேசையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது என்று செவிலி வந்து சொன்னார். சில நாள் கழித்து, டன்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தங்கையின் அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே விடவில்லை. இரண்டு பேருக்கும் முகக்கவசம். தங்கையின் நெற்றியில் எத்தனையோ மாதமாகக் காணாமல் போயிருந்த நிறம் திரும்பியிருந்தது. டன் கையை ஆட்டினார். அவள்தான் முதலில் பேசினாள்.

"ஊரெல்லாம் டன்னு டன்னுன்னு பேரு. தங்கச்சிக்குக் குடுத்தது என்னவோ நூத்தம்பது கிராம்."

டன் தையல் இழுக்காதபடி மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்.

"எலும்பு கழிச்சு."